வெயில் குடிக்கும் சங்கு

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்து மணி நெருங்கும்போது, பெலர்மினோ எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு மாட்டிடம் போய்விடுவார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்த மாட்டின், மொரேனாவின், விலாவுக்குத் தோளால் முட்டுக்கொடுத்து நிற்பார். அபாயச் சங்கு கத்தினால் அவள் மிரளுவாள். ஒருமுறை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போய் பக்கத்து வீட்டு ஜசீராவின் கீரைப் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டாள். அதற்கு ஜசீரா பேசிய பேச்சை அவர் இன்னும் செரித்து முடிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமையும் மேட்டில் நின்றார். மழை தலையில் போட்டிருந்த கோணியைத் தாண்டி முதுகுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே தேவாலயத்து மணி பத்து அடித்தது. மாடு காதை மடக்கிக்கொண்டது. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

மணி முந்தி அடித்துவிட்டதோ என்று காத்திருந்தார். பாதிரியாரின் கடிகாரத்தை அவர் என்றைக்குமே நம்பியதில்லை. மாடு மடக்கிய காதை விரித்துக்கொண்டு மேய ஆரம்பித்துவிட்டது. அவர் மட்டும் கயிற்றை விடவில்லை. சங்கு கத்தும்போதெல்லாம் பயந்திருக்கிறார். கத்தாததற்குப் பயப்படுவது இதுதான் முதல் தடவை. இந்தப் பயத்துக்கு அடியே இல்லை.

மாதம் ஒருமுறை சங்கைச் சோதித்துப் பார்க்கும் இந்த நாளில் முதலில் பாட்டு வரும். கல்யாண வீட்டில் வாசிக்கிற மாதிரி பிடில் இசை. அப்புறம் ஒரு பெண், கடையில் விலை சொல்லும் குரலில், இது சோதனை மட்டுமே என்பாள். அதற்கப்புறம்தான் ஊளை. நிஜமாகவே அணை உடைந்தால் பாட்டு கிடையாது, நேரே ஊளைதான் என்று சுரங்கக்காரர்கள் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். சாகப்போகிறவனுக்குப் பாட்டுப் போடக்கூடாது என்கிற அளவுக்கு மரியாதை தெரிந்தவர்கள்தான்.

லாஜியாடு பள்ளத்தாக்கின் தலைமாட்டில் அந்த அணை இருக்கிறது. தண்ணீர் அணை இல்லை. இரும்புக்கல்லைக் கழுவிக் கழுவி விட்ட சேறு, மலையிடுக்கில் தேக்கி வைத்தது. அவர் மகள் நில்சா பிறப்பதற்கு முன்னால் கட்ட ஆரம்பித்து, அவள் வளர வளர அதுவும் வளர்ந்தது. மீனாஸ் சீமையில் இப்படி எத்தனையோ. வேறு ஒரு பள்ளத்தாக்கில் உடைந்ததைத் தொலைக்காட்சியில் காட்டியபோது பெலர்மினோ பார்த்தார். சேற்றுக்கு மேலே ஒரு பேருந்தின் கூரை மட்டும் தெரிந்தது, யாரோ வாசலில் காயவைத்த தகரம் மாதிரி. அதற்குப் பிறகுதான் இங்கே பச்சைப் பலகைகள் வந்தன. தப்பிக்கும் வழி இந்தப் பக்கம். கூடும் இடம் மேட்டின்மேல். ஆற்றோரத்தில் இன்னொரு பலகை: தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பகுதி. எழுத்துக் கூட்டித்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். அதைக் கூட்டிப் படித்து முடித்தபோது சிரித்துவிட்டார். ஒருத்தனும் வரமாட்டான் என்பதை இவ்வளவு அழகாக எழுதலாம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அன்றிலிருந்து பூட்ஸைக் கழற்றாமல் தூங்குகிறார். கதவுக்குத் தாழ் போடுவதில்லை. மழைக்காலம் தொடங்கினால் மாட்டை மேட்டில், கூடும் இடத்துப் பலகைக் கம்பத்திலேயே கட்டிவிடுவார். "உன் மாடு ஒண்ணுதான் இந்த ஊர்லயே ஒழுங்கா உத்தரவுக்குக் கீழ்ப்படியுது" என்று ஜசீரா சிரிப்பாள். சிரிக்கட்டும்.

இப்போது மழை விடாமல் பெய்து வாரங்களாகிவிட்டன. வெயிலின் முகமே பார்க்கவில்லை. அந்தச் சங்கு ஓடுவதோ வெயிலில். சங்குக் கம்பத்தின் உச்சியில் கறுப்புக் கண்ணாடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அது வெயிலைக் குடித்து, கீழே பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியில் சேர்த்து வைக்கும். கூட்டத்தில் பெலர்மினோ எழுந்து கேட்டார்: "மழையிலதானே அணை உடையும், மழையில வெயிலுக்கு எங்க போவீங்க?" அந்த இளம் இஞ்சினியர் கோபப்படாமல் பதில் சொன்னார். மழை எத்தனை நாள் நீடித்தாலும் சங்கு ஒன்றை மட்டும் தாங்குகிற அளவுக்குப் பெரிய பேட்டரிதான் வைத்திருக்கிறோம் என்றார். பெலர்மினோ தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். நம்பவில்லை.

இப்போது, கயிற்றைப் பலகைக் கம்பத்தில் கட்டிவிட்டு, சறுக்கும் பாதையில் ஒவ்வொரு முழங்காலாகக் கெஞ்சிக் கெஞ்சி இறங்கினார்.

ஜசீரா அடுப்படி ஜன்னலில் நின்று பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட ரொட்டி உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கிழவா, இன்னிக்கு உன் மாடு என் பாத்தியை விட்டு வச்சிடுச்சா?"

"சங்கு கத்தல."

"கத்தலேன்னா நல்லதுதானே. போன மாசம் அந்தச் சனியன் கத்தின கத்துல ஒரு தட்டு ரொட்டியைத் தரையில போட்டேன். நாய் தின்னுச்சு. ரெண்டு தின்னுட்டுப் போ, மூஞ்சி செத்த மாதிரி இருக்கு."

"கத்தலேன்னு சொல்றேன் ஜசீரா."

அவள் கை தட்டின்மேல் நின்றது. பிறகு திரும்பவும் அடுக்கத் தொடங்கியது. "மறந்திருப்பானுங்க. சனிக்கிழமைதானே. மனுஷன் மறக்கமாட்டானா?"

மறப்பதற்கு அங்கே மனிதன் கிடையாது, எல்லாம் தானாக நடக்கிறது என்றுதான் அன்றைக்குச் சொன்னார்கள். அதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஆற்றுப் பக்கம் நடந்தார்.

சங்குக் கம்பம் ஆற்றோரத்தில், கல் செய்யும் கொட்டகையை ஒட்டினாற்போல் நிற்கிறது. கொட்டகை நில்சாவுடையது. அவளுடையது என்றால் அவளும் ஊர்ப் பெண்கள் சிலரும் சேர்ந்து நடத்துவது. அணையைக் காலி செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததும், எடுத்த சேற்றை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் சுரங்கக்காரர்கள் முழித்தார்கள். எங்களுக்குக் கொடுங்கள் என்று நில்சா போய் நின்றாள். லாரியில் வருகிற சேற்றோடு கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து, அச்சில் அழுத்திச் சுவர்க் கல்லாக்குகிறார்கள். ஒளி ஊடுருவும் தகடு போட்ட கூரை. வெயில் நாளில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். கூரைமேல் இருக்கும் கண்ணாடிப் பலகைகள் விசிறிகளை ஓட்டும். விறகு கிடையாது, புகை கிடையாது. கல் மாட்டு ஈரல் நிறத்தில் வந்து விழும். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

நில்சா அந்தக் கல்லிலேயே வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தாள். அவர் ஒரு நாளும் அங்கே படுத்ததில்லை. அடுப்படி பெஞ்சுதான். "மேல இருந்து வந்து என்னை மூடப்போற சேறு, இப்பவே நாலு பக்கமும் வந்து நின்னா நான் எப்படித் தூங்குறது?" என்றார். அவள் பதில் சொல்லாமல் இருக்கிற பெண் இல்லை. "ஒவ்வொரு கல்லும் நம்ம தலையில விழாத சேறுப்பா. நான் அந்த அணையைக் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறக்கி வைக்கிறேன். நீ பூட்ஸைப் போட்டுட்டுப் படு." அவள் சொன்னது தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. கரண்டியால் குளத்தை இறைக்கிறாள், அதுவும் குளத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. அவருடைய வயிற்றெரிச்சல் அதுதான். அணை உடைந்தால் சேறு முதலில் வந்து சேரும் இடம் இந்தக் கொட்டகை. மகள் பகலெல்லாம் அங்கேதான்.

கொட்டகையை நெருங்கியபோது ஒரு சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரே சீராக, தேன்கூடு மாதிரி. உள்ளே எட்டிப் பார்த்தார். விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் ஈரக் கற்களைத் தட்டுக்குத் தட்டு திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் இல்லாமல் விசிறி எப்படி ஓடுகிறது?

அவர் படித்தவர் இல்லை. ஆனால் மாடு அறுத்துக்கொண்டு போனால் கயிறு போன தடத்தைப் பிடித்துக்கொண்டு போகத் தெரியும். விசிறிக்குப் போகிற வயரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்தார். அது கொட்டகையின் மூலையில் ஒரு ஓட்டை வழியாக வெளியே போயிற்று. மண்ணில் கொஞ்ச தூரம் ஓடு போட்டு மூடியிருந்தது. அப்புறம் மேலேறிச் சங்குக் கம்பத்தின் பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டிக்கதவு பூட்டுக்குப் பதில் கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

பெலர்மினோ அந்த வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். மழை வயரின்மேல் ஓடி அவர் விரல் வழியாகச் சொட்டியது. சத்தம் போடவேண்டும் என்று தோன்றவில்லை. சத்தம் போட்டால் மேலே எதுவோ விழித்துக்கொள்ளும் என்று இருந்தது.

"அப்பா, அதைத் தொடாதே."

நில்சா பின்னால் நின்றாள். முழங்கை வரை சேறு.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு நாள்தான். நம்ம பேட்டரி முதல்லயே தீர்ந்து போச்சு. அழுத்தின கல்லு அத்தனையும் பச்சையா கிடக்கு. காத்து படலேன்னா எல்லாம் வெடிச்சு மறுபடியும் சேறாயிடும். ஆஸ்பத்திரிச் சுவருக்குக் கல்லு தர்றதா வாக்குக் குடுத்திருக்கோம்ப்பா. முதல்முதலா ஒருத்தன் நம்ம கல்லை நம்பிக் கேட்டிருக்கான். இதுல தோத்தா அப்புறம் யாரும் கேட்கமாட்டான், லாரி நிக்கும், சேறு அங்கயே கிடக்கும்."

"இன்னிக்கு சோதனை. கத்தல. தெரியுமா?"

அவள் சங்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். தெரியாது. அவளுக்குத் தெரியாது. விசிறிச் சத்தத்தில் தேவாலயத்து மணிகூடக் காதில் விழுந்திருக்காது.

"துர்வால்!" என்று கத்தினாள்.

வயரை இணைத்த துர்வால் கொட்டகைக்குள்ளிருந்து வந்தான். இந்த ஊரில் எல்லாருடைய அடுப்பையும் வானொலியையும் ரிப்பேர் பார்ப்பவன். கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது.

"பெரியவரே, பேட்டரி முழுசா தீராது. பாதியிலயே நிக்கிற மாதிரிதான் போட்டேன்."

"நின்னுச்சா?"

துர்வால் பெட்டியைத் திறந்து பார்த்தான். பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் ஒன்றும் எரியவில்லை. உதட்டைப் பிதுக்கினான். "ஈரம் எங்கயோ ஏறிடுச்சு. விசிறி ஓடுற அளவுக்குத்தான் மிச்சமிருக்கு, சங்கு கத்த இது பத்தாது."

"மேல சுரங்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியாதா, சங்கு செத்துப்போச்சுன்னு?"

"தெரியணும். அந்தத் தகவல் போறதும் இதே பேட்டரியிலதான்."

பெலர்மினோ சிரித்தார். ஆற்றோரப் பலகையைப் படித்தபோது வந்த அதே சிரிப்பு. மேலே இருப்பவர்கள் ஏமாற்றுவார்கள் என்று இத்தனை வருஷம் காவல் காத்தார். கத்தாமல் விடுவார்கள், பொய் சொல்வார்கள், கணக்கை மாற்றுவார்கள் என்று. ஓட்டை தன் வீட்டுக் கையால் விழும் என்று நினைக்கவே இல்லை. சேற்றைக் குறைக்கிற வேலைக்காகச் சேறு வருவதைச் சொல்கிற வாயை அடைத்துவிட்டார்கள். இதை யாரைப் போய்த் திட்டுவது?

"வயரைப் பிடுங்கு" என்றார்.

துர்வால் நில்சாவைப் பார்த்தான். அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். தட்டுக்களில் கற்கள், பச்சைக் குழந்தைகள் மாதிரி வரிசையாக. ஒரு கணம்தான். தலையை அசைத்தாள். அவன் பிடுங்கினான். விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன. ஈரச் சேற்று வாடை உள்ளேயிருந்து எழுந்து வந்து மூக்கில் ஏறியது. பெண்கள் தட்டுகளை அப்படியே வைத்தார்கள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லாரும் ஒரே திசையைப் பார்த்தார்கள். பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மேகம் தரை வரை இறங்கிக் கிடந்தது. அணை அதற்குள்ளே எங்கோ.

"மேல இருக்கிறவங்களுக்கு போன் போடு" என்றாள் நில்சா.

"காலையில இருந்தே சிக்னல் இல்லை."

"அப்ப எல்லாரும் மேட்டுக்குப் போகலாம்" என்றார் பெலர்மினோ. "இப்பவே."

"எதுக்குப்பா? சங்கு செத்ததால அணை உடையுமா? ஒண்ணும் ஆகல. பேட்டரி ஏறட்டும், துர்வால் மேல போய்ச் சொல்லிட்டு வரட்டும். கல்லுக்கு ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. அவருக்கு நியாயமாகத் தோன்றுகிற எதையும் கண்டால்தான் பயம். கம்பத்தடியில் போய் நின்று மேலே பார்த்தார். கண்ணாடிப் பலகையிலிருந்து மழை ஒழுகியது. வாழ்நாளில் அவர் எதையும் வேண்டிக்கொண்டதில்லை. மனைவி போனபோதுகூட. இப்போது வேண்டினார். யாரை என்று தெரியாமல், கொஞ்சம் வெயில் கொடு, கொஞ்சூண்டு, என்று.

மழை சிறுத்தது. பிறகு நின்றது. தலைக்கு மேலே மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, அதன் வழியாக வெயில் வந்து ஆற்றின்மேல் விழுந்தது. கொட்டகைப் பெண்கள் ஓவென்று கூவினார்கள். "வெளியே தூக்குங்கடி, வெளியே தூக்குங்க!" என்று நில்சா ஓடினாள். தட்டுத் தட்டாகக் கற்களைக் கொண்டுவந்து வெயிலில் பரப்பினார்கள். ஜசீராகூட ரொட்டித் தட்டோடு வந்து வேடிக்கை பார்த்து ஆளுக்கொன்று கொடுத்தாள். "ரெண்டு வாரம் கழிச்சு மாப்பிள்ளை வந்த மாதிரில்ல பறக்குறீங்க!" சிரிப்பு. ஈரக் கற்களிலிருந்து ஆவி எழுந்தது. பெலர்மினோ மட்டும் கற்களைப் பார்க்கவில்லை. பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துப் பச்சை விளக்கு துடித்தது, அணைந்தது, மறுபடி துடித்தது.

அப்போது சங்கு கத்தியது.

பாட்டு இல்லை. பெண் குரல் இல்லை. நேரே ஊளை. அவர் தலைக்கு நேர் மேலே, எலும்புக்குள் கம்பியைவிட்டுக் குடைவதுபோல.

யாரும் அசையவில்லை. ஜசீராவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து உருண்டைகள் சேற்றில் உருண்டன. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"உயிர் வந்ததும் கத்துது, அவ்வளவுதான்!" துர்வால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "வயரை மாட்டிப் பிடுங்கினேன்ல, குழம்பிப்போச்சு! பாட்டைத் தொலைச்சிடுச்சு!"

"இல்லேன்னா?" என்று ஜசீரா கேட்டாள்.

"என்ன இல்லேன்னா?"

"காலையில இருந்து கத்தணும்னு நெனச்சு, கத்த சக்தி இல்லாம இருந்திருந்தா?"

துர்வால் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் வாய் மூடியதை யாரும் பார்த்ததில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. ஜசீரா ஓடினாள். அந்த உடம்போடு, அந்த வயதில். பெண்கள் பின்னால் ஓடினார்கள். துர்வாலும் ஓடினான்.

நில்சா ஓடவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கற்களின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். காற்றில் அது படபடத்து அவள் கையை மீறியது.

"நில்சா!"

"நீ ஏறுப்பா! மறுபடி மழை வந்தா அத்தனையும் போச்சு! இதோ வந்துட்டேன்!"

அவர் போட்டு வைத்த திட்டம் இது இல்லை. சங்கு கத்தினால் அவள் முதலில் ஓடவேண்டும், அப்பனைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, அவர் தன் முழங்காலோடு எப்படியோ வந்து சேர்வார், வராவிட்டாலும் பரவாயில்லை. நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவளும் சரி சரி என்றிருக்கிறாள். அவள் நிற்பாள் என்று அவர் யோசித்ததே இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போக அவருக்குத் தெம்பு இல்லை. இழுக்கக்கூட இல்லை. மேலே ஊளை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மேகம் அப்படியே கிடந்தது. அதற்குள் ஏதாவது இடிந்தாலும் இந்தச் சத்தத்தில் கேட்காது.

பெலர்மினோ போய் ஒரு கல்லடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

"என்ன பண்றே? எழுந்திரு!"

"முழங்கால் வலிக்குது."

"அப்பா!"

"நீ கல்லைக் காப்பாத்து. நான் உக்காந்திருக்கேன். அவசரமில்லை."

"பிடிவாதம் பிடிக்கிற நேரமா இது, கிழட்டுக் கழுதை!"

"உன்னைப் பெத்த கழுதைதான்."

அவள் தார்ப்பாயை விட்டாள். அது எழும்பி, ஒரு பெரிய பறவை மாதிரி ஆற்றுக்குள் போய் விழுந்தது. அவள் அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கல் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் கவிழ்த்துக் காலி செய்து, அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, அதற்குள் போட்டாள். தகரத்தில் முதுகு இடித்தது. சேற்றுத் துணுக்குகள் கழுத்துக்குள் போயின. அவள் தள்ளினாள். கல் சுமந்து பழகிய கைகள். வண்டி சறுக்கியது, நிமிர்ந்தது, ஏறியது. பெலர்மினோ மல்லாக்கக் கிடந்தபடி மகளின் மோவாயையும் அதற்கு மேலே கிழிந்த வானத்தையும் பார்த்தார். வாழ்க்கையில் இத்தனை கேவலமாக எங்கேயும் போனதில்லை. கைகள் வண்டியின் விளிம்பை விடவில்லை.

மேட்டில் எல்லாரும் இருந்தார்கள். பச்சைப் பலகைக்குக் கீழே ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு. பலகைக் கம்பத்தில் கட்டிய மாடு நடுவில். யாரோ இருவர் அவரை வண்டியிலிருந்து எடுத்து நிறுத்தினார்கள். ஜசீரா அவர் கையில் ஒரு ரொட்டி உருண்டையைத் திணித்தாள். அது எப்படி அவளிடம் மிஞ்சியது என்று தெரியவில்லை. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே சங்கின் குரல் தேய்ந்தது. பசியில் கத்தும் கன்று மாதிரி இழுத்து இழுத்து, நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துவிட்டதா, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டதா, யாரும் துர்வாலைக் கேட்கவில்லை. அவனும் யாரையும் பார்க்கவில்லை. ஆளில்லாத கொட்டகை முற்றத்தில் வெயில் விழுந்து, பரப்பிய கற்களிலிருந்து ஆவி மேலேறிக்கொண்டிருந்தது. நில்சா அதைத்தான் பார்த்தாள். மற்றவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள்.

பெலர்மினோ மாட்டிடம் போய், பழக்கத்தில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் விலாவில் தோளைச் சாய்த்தார். மொரேனா அசைபோடுவதை நிறுத்தியிருந்தாள். இரண்டு காதும் பள்ளத்தாக்கின் தலைமாட்டுப் பக்கம் திரும்பி நின்றன. தோலுக்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடியது. அது மாட்டுடையதா, தன்னுடையதா, காலுக்கடியில் மண்ணுடையதா என்று பார்ப்பதற்காக அவர் தோளை எடுக்கப் பார்த்தார். எடுக்க முடியவில்லை.